பாக்கியும் படுகளமும்: எந்த விவாதம் எந்தக் களத்துக்கு?

முதுகலை மானிடவியலில் "இன்றைய விவாதங்கள்" என்ற தாளில் கொங்கு மாணவருக்கு நேரடியாக உதவுபவை மூன்று. அதிகாரம், சுரண்டல் பேசும் "இருண்ட மானிடவியல்". இது ஷெர்ரி ஆர்ட்னர் 2016இல் வைத்த பெயர். மனிதர்கள் எதை நல்லதென்று தேடுகிறார்கள் என்று கேட்கும் ஜோயல் ராபின்ஸின் 2013 கட்டுரை. மூன்றாவது இருப்பியல் திருப்பம்: களத்தில் கேட்டதை "அவர்கள் நம்பிக்கை" என்று ஓரங்கட்டாமல், நம்முடைய கருத்துகளையே மாற்றிக்கொள்ளச் சொல்வது. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சரியாகவே தோன்றும். களத்தில் இறக்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

குமாரபாளையம் விசைத்தறிகளில் முதலாளி தரும் முன்பணத்துக்குப் பெயர் "பாக்கி". இருண்ட மானிடவியலுக்கு இது அல்வா மாதிரி: கடன் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது. ஆனால் கீர்ட் டி நேவ் 1999 கட்டுரையில் காட்டியது போல, பாக்கி கேட்பதே தொழிலாளியின் பேரமாகவும் ஆகிறது. முடிவை முன்பே எழுதிவைத்துக்கொண்டு களத்துக்குப் போனால் இந்த இரண்டாம் பாதி கண்ணில் படாது. யார் யாரிடம் கேட்டார், எவ்வளவு, தறி மாறும்போது அதை அடைத்தது யார் என்று ஒவ்வொரு பாக்கியையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

அண்ணன்மார் கோயில் படுகளம் வேறு கதை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் போர்க்களத்தில் விழுந்ததைத் திருவிழாவில் நிகழ்த்தும் சடங்கு இது. அருள் வந்தவர்கள் விழுகிறார்கள்; பிறகு எழுப்பப்படுகிறார்கள். குறிப்பேட்டில் "மயங்கி விழுந்தார்" என்று எழுதினீர்களோ, விவாதம் அங்கேயே முடிந்தது: அது உங்கள் சொல். அங்கிருப்பவர் "செத்தாரு" என்றாரா, "படுகளம் விழுந்தாரு" என்றாரா என்று அப்படியே எழுதினால்தான் இருப்பியல் கேள்விக்கே இடமுண்டு. அதற்காக, பறையடிப்பவர் எங்கே நிற்கிறார், கோயிலுக்குள் யார் வருவதில்லை என்பதை விட்டுவிடவும் கூடாது. இருப்பியல் வழியின் பெரிய ஓட்டை, இதை விட்டுவிடுவதுதான். ராபின்ஸ் வழியில் விரதம், நேர்த்தி, கூடப்பிறந்தவள் மீதான கடமை எல்லாம் நன்றாகத் துலங்கும். கவனம் தப்பினால் ஆய்வேடு கும்பாபிஷேக மலர் ஆகிவிடும்.

படிக்கும் வரிசை: முதலில் ஆர்ட்னர், அவர் மொத்த வரைபடம் தருகிறார். அடுத்து ராபின்ஸ். இருப்பியலுக்குத் தடித்த நூல்களில் தொடங்க வேண்டாம். "இருப்பியல் என்பது பண்பாட்டுக்கு இன்னொரு பெயர்தான்" என்ற தீர்மானத்தின் மீது 2008இல் மான்செஸ்டரில் நடந்த விவாதம் 2010இல் அச்சானது. ஆதரித்து இருவர், எதிர்த்து இருவர் பேசினார்கள். இரண்டு மாலையில் முடியும்.

ஒரே பருவத்தில் முடிக்க வேண்டிய முதுகலை ஆய்வேடு என்றால் பாக்கியை எடுங்கள். கணக்கு எண்ணிக் காட்டலாம். படுகளத்துக்கு ஒரு திருவிழா போதாது. அடுத்த ஆண்டும் அதே கோயிலுக்குப் போய், அதே ஆட்களிடம் அதே சொல்லைத் திரும்பக் கேட்க வேண்டும். அது முனைவர் பட்டத்துக்கான வேலை.