கம்பஸ் வைஃபைல டொரண்டா, பென்ட்ரைவா?

கோணேசபுரி கம்பஸுக்கு புதுசா வாற பிள்ளையள் உபுண்டுவ (இலவச ஒபரேட்டிங் சிஸ்டம்) டொரண்ட்ல (ஃபைல் வச்சிருக்கிற கனபேரிட்ட இருந்து துண்டு துண்டா எடுக்கிற முறை) இறக்குறதா, சீனியர்ட பென்ட்ரைவ்ல வாங்குறதா எண்டு குழம்புறாங்க.

வேகம்: டொரண்ட்ல சீட் பண்ற ஆக்கள் (முழு ஃபைலையும் வச்சு மற்றவங்களுக்கு குடுக்கிற ஆக்கள்) கூடினா வேகமும் கூடும்.
பென்ட்ரைவ்ல சில நிமிசம்தான், ஆனா பென்ட்ரைவ்ட ஃபோமட் ஃபேட்32 எண்டா 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துங்க.

நம்பிக்கை: டொரண்ட் ஒவ்வொரு துண்டையும் ஹேஷ் (ஃபைலுக்கு கைரேகை மாதிரி ஒரு குறியீடு) வச்சு தானே சரிபாக்கும்.
பென்ட்ரைவ்ல வைரஸ் இலவசம்.

இடைஞ்சல்: இதுதான் பெரிய விசயம். டொரண்ட் இறக்கும்போதே ஏத்தவும் செய்யும், கனக்க கனெக்சன் திறக்கும், முடிஞ்ச பிறகும் நீங்க மூடாட்டி ஓடிட்டே இருக்கும், பக்கத்து ரூம் பிள்ளைக்கு சூம் லெக்சர் நிண்டு நிண்டு வரும், அதால அப்லோட் லிமிட்ட குறைச்சு ராத்திரில போடுங்க. கம்பஸ் ரூல்ல கூடாதெண்டா விட்டுடுங்க, விபிஎன் போட்டு ஒளிக்கிற வேலையெல்லாம் வேணாம்.
பென்ட்ரைவால ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல.

சட்டம்: படம், கிராக் சொஃப்ட்வெயார் எண்டா ரெண்டுலயும் பிழைதான், இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. டொரண்ட்ல கூடவே உங்கட ஐபி (இணைய முகவரி) மற்ற ஆக்களுக்கும் தெரியும்.

பேட்ச் முழுக்க ஒரே ஃபைல் வேணுமெண்டா ஒராள் இறக்கி பென்ட்ரைவ்ல சுத்த விடுங்க. தனிய உங்களுக்கு மட்டும் புது வேர்சன் தேவை, அனுமதியும் இருக்கெண்டா டொரண்ட். நாள்முழுக்க சீட் பண்ண ஆசையெண்டா வீட்டு ஃபைபர்ல பண்ணுங்க.