அப்பாவின் நினைவுப் பக்கம், போனது 22,000 ரூபாய்: வெப்சைட் செய்யக் கொடுப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்னக் கடை எங்களுடையது. வெப்சைட் செய்து தரும் ஓர் ஆபீசில் 18,500 கொடுத்து ஸ்டேடிக் சைட், அதாவது பக்கங்களை முன்கூட்டியே எழுதி வைத்த சாதா வெப்சைட், போட்டோம். மஞ்சள் பின்னணி, குங்கும நிற எழுத்து. நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் அப்பா தவறிவிட்டார். கடையை ஆரம்பித்தவர் அவர். அவருக்கென்று ஒரே ஒரு பக்கம், கருப்புப் பின்னணியில் படத்தோடு கேட்டேன். 3,500 என்றார்கள்.

அந்த ஆபீஸ் பையன் ஒருவன் கடைக்கே வந்தான். மாலை போட்ட படத்தைக் கும்பிட்டுவிட்டு, “ஐயாவோட பக்கத்தை நானே பார்த்துச் செய்றேன் அண்ணாச்சி” என்றான். அதில்தான் விழுந்தேன். லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டினான். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எதையும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை, அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சாத்தூரிலிருந்து ஒரு போன். “பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை பார்க்கலாம்னு திறந்தா ஒரே கருப்பா இருக்கே, மனசு ஒப்பலைங்க” என்று வைத்துவிட்டார்கள். திறந்து பார்த்தேன். முகப்பு, மாடல் கார்டுகள், விலைப்பட்டியல் எல்லாமே இழவு வீடு மாதிரிக் கருப்பு. பிள்ளையார் படம் போட்ட கார்டுக்குப் பின்னாலும் கருப்பு. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரும் நேரம் இது!

கேட்டால், “உங்க போன்ல டார்க் மோடு ஆன்ல இருக்கும்.” இல்லை என்றேன். “பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க.” போனில் சேர்ந்திருக்கும் பழைய நகலை அழிக்கும் வேலையாம், பண்ணினேன். “48 மணி நேரம் பொறுங்க.” பொறுத்தேன். அப்புறம், “அது தீம் வேலை, தனியா 5,000 ஆகும்” என்றார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை.

தங்கச்சி மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். சைட்டின் கோடிங்கைப் பிரவுசரிலேயே திறந்து காட்டினான். எல்லாப் பக்கமும் நிறத்தை எடுப்பது ஒரே சிஎஸ்எஸ் ஃபைலில் (நிறம், அமைப்பு எல்லாம் எழுதி வைக்கும் ஃபைல்) இருந்துதான். அதன் தலையில், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ரூட் என்ற இடத்தில் இருந்த மஞ்சளை அழித்துக் கருப்பைப் போட்டிருக்கிறார்கள். அப்பா பக்கத்தின் கோடிங்கில் பாடி என்ற பகுதிக்கு மட்டும் அடையாளமாக ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து, கருப்பை அதன் கீழ் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தோடு நின்றிருக்கும். நாலு வரி வேலை, மாமா என்றான். ஆனால் அந்த நாலு வரியை மாற்ற எங்களிடம் பாஸ்வேர்ட் இல்லை. சைட்டின் முகவரியான டொமைனும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. 22,000 ரூபாய் கொடுத்த சைட்டில் எனக்கென்று எதுவுமே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ஒரு பக்கத்தை மாற்றச் சொன்னால் மற்ற எல்லாப் பக்கங்களையும் வேறொரு போனில் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டொமைன், பாஸ்வேர்ட், சோர்ஸ் ஃபைல் (சைட்டின் கோடிங் இருக்கும் ஃபைல்கள்) மூன்றையும் முதல் நாளே உங்கள் கையில் வாங்கிவிடுங்கள். பழைய சைட்டின் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போதும் சைட் கருப்பாகத்தான் இருக்கிறது. 22,000 ரூபாய்.