முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு ஞாபகசக்தி டெஸ்ட்: முதலில் 14, அப்புறம் 22

கோவையில் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் போன ஆடியில் வந்த ரிப்போர்ட்டில் 30-க்கு 14 என்று போட்டு, கீழேயே டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்றும் எழுதிவிட்டார்கள். பேத்தியின் பரீட்சைத் தேதியை எனக்கே ஞாபகப்படுத்துகிறவருக்கு 14 எப்படி வரும்? நேரில் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

எடுத்தது எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) என்ற, 1975-இல் வந்த டெஸ்ட், பொதுவாக 24-க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள். அதில் 10 மார்க் தேதி, கிழமை, இடம் இதற்கே. என்ன மாதம் என்றதற்கு அம்மா ஆடி என்றிருக்கிறார், தேதியும் தமிழ்த் தேதிதான், இரண்டுக்கும் பூஜ்யம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதில் ஐந்து மார்க்கும் போய்விட்டது, அவர் படித்தது ஐந்தாவது வரைதான். இதையெல்லாம்விட, டெஸ்ட் நடந்தது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பாட்டுக் கூடத்தில், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே. காது மெஷின் அறையில் கிடந்திருக்கிறது. மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவை என்ன என்று கேட்பார்கள். காதிலேயே விழாததை எங்கிருந்து திருப்பிச் சொல்வது?

நாங்கள் வெளியிலிருந்து ஒரு சைக்காலஜிஸ்ட்டை வரவழைத்தோம். 1,800 ரூபாய் வாங்கினார், கொடுத்ததில் வருத்தமே இல்லை. காலை பத்து மணிக்கு அம்மாவின் அறையிலேயே, கண்ணாடியும் காது மெஷினும் மாட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஊர்க்கதை பேசி, "அவசரமே இல்லைங்கம்மா, மெதுவா சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். தமிழ் மாதத்தை ஏற்றுக்கொண்டார், கழித்தலுக்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். மோக்கா என்ற இன்னொரு ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். அதில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டுவார்கள், ஆனால் கனசதுரமும் கடிகாரமும் வரையச் சொல்லும் டெஸ்டில் ஐந்தாவது படித்தவருக்கு அந்த ஒன்று போதாது என்றார்.

22 வந்தது. இதுவும் குறைவுதான், அவர் அதை மறைக்கவில்லை. மூன்று சொற்களில் அம்மாவுக்கு ஒன்றுதான் திரும்ப வந்தது, அதைக் கவனிக்கணும் என்றார். ஆனால் இந்த மார்க்கை மட்டும் வைத்து நோய் என்று எழுதக்கூடாது, முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பாருங்கள், தூக்க மாத்திரை ஏதாவது போகிறதா பாருங்கள், மனச்சோர்விலும் மறதி வரும், சிறுநீர்த் தொற்று இருந்தால் திடீரென்று குழப்பம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பி12 குறைவாகத்தான் இருந்தது, இப்போது ஊசி போகிறது.

இல்லத்து மேனேஜரிடம் இதையெல்லாம் காட்டினேன். ஃபைலில் டிமென்ஷியா என்ற அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, டாக்டர் பார்க்க வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இனி எடுப்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த டெஸ்ட் தை மாதம், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் பக்கத்து அறையில் இருப்பேன், காது மெஷினுக்குப் புது பேட்டரி இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.