காக்டெயில் வளர்க்கிற அனுபவம்: காலேஜ் படிக்கிறவங்க கிளி வாங்கலாமா?

சித்தி பையன் போன வாரம் கால் பண்ணான், காலேஜ் செகண்ட் இயர், ரெண்டு பசங்களோட சேர்ந்து மேடவாக்கம் பக்கம் வீடு எடுத்து தங்கியிருக்கான். "அண்ணா, கொண்டை வச்ச காக்டெயில் கிளி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், கூண்டோட 4,000 சொல்றாங்க, மாசம் 200 ரூபாய்க்கு மேல செலவே ஆகாதாம், வாங்கட்டுமா?"ன்னு கேட்டான். நான் காலேஜ் படிக்கும்போது வாங்குன ஆண் காக்டெயில் இன்னும் எங்கூடதான் இருக்கு, சாம்பல் கலர், மஞ்சள் மூஞ்சி, கன்னத்துல ஆரஞ்சு பொட்டு. என்ன சாப்பிடும், எவ்ளோ பெருசா வளரும்ங்கிறதெல்லாம் வீடியோல எல்லாருமே சொல்லிட்டாங்க, அதுக்குள்ள நான் போகல.

எந்த கடைக்காரரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, வெள்ளை பவுடர். காக்டெயில் ஒடம்புல ஒரு வகை இறகு தானா பொடிஞ்சு பவுடரா உதிர்ந்துட்டே இருக்கும், மத்த இறகு சுத்தமா, தண்ணி ஒட்டாம இருக்க அது வேணும், அதனால இது வியாதி கிடையாது, மருந்து போட்டு நிறுத்தவும் முடியாது. லவ் பேர்ட்ஸ்னு நம்மூர்ல விக்கிற பட்ஜிலயும், கனூர்ங்கிற கலர் கிளிலயும் இது ரொம்ப கம்மி, காக்டெயில், காக்கட்டூ, ஆப்பிரிக்கன் கிரே மூணுலயும்தான் ரொம்ப அதிகம். அது சிறகை ஒரு உதறு உதறும்போது ஜன்னல் வெயில்ல பாத்தா அப்டியே புகை மாதிரி கிளம்பும். லேப்டாப் கீபோர்டு, ஃபேன் றெக்கை, காயப்போட்ட கருப்பு சட்டை, தண்ணி பாட்டில் மூடின்னு எல்லாத்து மேலயும் படியும், காலைல தொடைச்சா சாயங்காலம் மறுபடி விரலால கோடு போடலாம். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு குளிப்பாட்டினா ரெண்டு நாளைக்கு குறையும், அப்புறம் பழையபடி ஆரம்பிச்சிடும். எங்கூட ரூம்ல இருந்தவனுக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங், கிளி வந்த மாசத்துலயே இன்ஹேலர் அதிகமா தேவைப்பட ஆரம்பிச்சுது, கடைசில அவன் கட்டில் ஹாலுக்கு போச்சு, செமஸ்டர் முடிஞ்சதும் அவனே வேற வீடு பாத்துக்கிட்டான். நல்ல பையன், ஒரு வார்த்தை கோவமா பேசல. ஆனா மூணு பேர் ஒரே ரூம்ல படுக்கிற வீட்டுல ஒருத்தனுக்கு மூச்சு பிரச்சனை இருந்தாலும் காக்டெயில் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

இவ்ளோ கடுப்பா எழுதுறேன், நேத்து ஃபேனை கழட்டி துடைச்சேன், அந்த எரிச்சல் இன்னும் போகல. நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். இறகு மாத்துற சீசன்ல புது இறகெல்லாம் ஒரு வெள்ளை உறைக்குள்ள முள்ளு முள்ளா முளைக்கும், ஒடம்புல இருக்கிறத அதுவே அலகால உரிச்சுக்கும், தலைல கழுத்துல இருக்கிறது மட்டும் அதுக்கு எட்டாது. அப்ப நம்ம விரல்கிட்ட வந்து கொண்டையை மடக்கி, தலையை குனிஞ்சு, கண்ணை பாதி மூடிக்கிட்டு நிக்கும், நகத்தால அந்த உறையை மெதுவா நெருடுனா பொடிப்பொடியா உதிர்ந்து உள்ளேர்ந்து சுருண்டு கிடந்த மஞ்சள் இறகு விரியும், கொஞ்சம் அழுத்திட்டா ஒரு சின்ன கத்து கத்தும், ஆனா தலையை மட்டும் எடுக்காது. பரீட்சைக்கு படிக்கிற ராத்திரியெல்லாம் ஒரு கைல புக்கு, இன்னொரு கை அது தலைல. நூறு கிராம் கூட இல்லாத ஒரு உயிரு நம்மள இவ்ளோ நம்புறது எனக்கு ரொம்ப பெரிய விஷயம், இதுக்கு ஈடா நான் வேற எதையும் சொல்ல மாட்டேன்.

அந்த நம்பிக்கைலதான் அடுத்த சிக்கலும் இருக்கு. காக்டெயில் கூட்டமா வாழ்ற பறவை, நம்மதான் அதோட கூட்டம், பாத்ரூம் போனாகூட "எங்க இருக்க"ன்னு விசில் அடிச்சு கேக்கும், பதில் விசில் வரலன்னா சத்தம் கூடிக்கிட்டே போகும். காலைல எட்டு மணிக்கு கிளம்பி லேப் முடிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு வர்ற பையனுக்கு இது ஒத்து வருமா? வந்தப்புறம் ரெண்டு மணி நேரமாவது வெளில விட்டு கூட இருக்கணும், அப்புறம் அதுக்கு பத்து பன்னெண்டு மணி நேரம் இருட்டுல தூக்கம் வேணும், பசங்க ரூம்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட்டு எரியும். தனியா விட்டே வச்சா சில பறவை தன் இறகை தானே பிடுங்க ஆரம்பிச்சிடும். ஜோடியா வாங்கினா ஒண்ணுக்கு ஒண்ணு துணை, ஆனா பெரும்பாலும் நம்மகிட்ட ஒட்டாது, பவுடரும் டபுள்.

காசு விஷயம். தினை, கம்பு, கொஞ்சம் சூரியகாந்தி விதை, முருங்கைக்கீரை, கேரட்டு, கணவாய் ஓடுன்னு பாத்தா மாசம் 200, 300ல முடிஞ்சிடும், கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு சரிதான். வெறும் விதையே போட்டுக்கிட்டு இருந்தா விட்டமின் ஏ குறையும், ஈரல்ல கொழுப்பு சேரும், அதனால சத்தெல்லாம் கலந்து குருணையா வர்ற பெல்லட் தீவனம் நல்லது, அதோட விலை வேற. பெரிய செலவு ஒடம்புக்கு முடியாம போறப்பதான் வரும். பறவைங்க வியாதிய கடைசி வரைக்கும் மறைக்கும், இறகை உப்பிக்கிட்டு கூண்டு தரைல உக்காந்துருச்சுன்னா அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும், நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது. அப்படி ஒரு தடவை ஓடுனப்போ வீட்டுப்பக்கத்து கிளினிக்ல நாய் பூனை மட்டும்தான்னு சொல்லிட்டாங்க, இன்னொரு இடத்துல தொட்டுக்கூட பாக்காம ஊசி போட்டு 900 வாங்கிட்டாங்க. கடைசில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலதான் ஒழுங்கா பாத்தாங்க, அங்க ஆன செலவ விட ஆட்டோ காசுதான் அதிகம். அதனால சென்னைல இருக்கிறவங்களுக்கு இது ஒரு பெரிய பலம், மத்த ஊர்ல இருக்கிறவங்க பறவை பாக்கிற டாக்டர் யாருன்னு விசாரிச்சுட்டு அப்புறம் கூண்டு விலைய விசாரிங்க.

ராத்திரி பயம்னு ஒண்ணு இருக்கு, காக்டெயில்ல இது ரொம்ப சகஜம். கரண்டு போச்சு, எங்கயோ பட்டாசு வெடிச்சுது, இருட்டுல கூண்டுக்குள்ள கண்ணு மண்ணு தெரியாம அடிச்சுக்கிச்சு. டார்ச் அடிச்சு பாத்தா கூண்டு கம்பி பூரா ரத்தப் பொட்டு, வளர்ற இறகு ஒண்ணு ஒடிஞ்சிருக்கு, அதுக்குள்ள ரத்தம் ஓடும்ங்கிறதே அன்னிக்குதான் கண்ணால பாத்தேன். துணில சுத்தி பிடிச்சு, கார்ன்ஃப்ளார் மாவை வச்சு அழுத்தி நிறுத்தினோம். அதுலேர்ந்து ராத்திரி கூண்டுகிட்ட சார்ஜ் லைட்டு ஒண்ணு மங்கலா எரியும்.

புகையும் பறவைக்கு ஆகாது, பசங்க ரூம்ல கொசுவத்தி கொளுத்தாதவங்க யாரு? ஒரே அடுப்பு, அதுல ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல்லு, மறந்து காய விட்டா அதுலேர்ந்து வர்ற புகைல பக்கத்து ரூம் பறவை கூட நிமிஷத்துல செத்துடும், நமக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுல நான்ஸ்டிக் எல்லாத்தையும் தூக்கிட்டு இரும்புக்கல்லுக்கு மாறிட்டோம். கூட இருக்கிறவங்க இதுக்கெல்லாம் ஒத்துக்கணும், அது நம்ம கைல இல்ல.

சில பேர் "எதுக்கு இவ்ளோ, நம்மூர் பச்சைக்கிளி 500 ரூபாய்க்கு கிடைக்குது"ன்னு சொல்வாங்க, தயவு செஞ்சு வேண்டாம். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அத கூண்டுல வைக்கிறதே குற்றம், 2022ல சட்டத்த திருத்தி ரெண்டாவது அட்டவணைல வச்சிருக்காங்க, பொந்துலேர்ந்து குஞ்ச திருடித்தான் அந்த வியாபாரமே நடக்குது. சைட்டீஸ்னு (CITES) அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கிற சன் கனூர் மாதிரி வெளிநாட்டு கிளின்னா 2024 விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். காக்டெயிலும் லவ் பேர்ட்ஸும் அந்த சர்வதேச பட்டியல்லயே இல்ல, அந்த தலைவலி இல்லாம வாங்கலாம்.

இப்ப அவனுக்கு என் பதில்: வாங்காத. காசு உனக்கு பிரச்சனை இல்ல, பவுடரக்கூட சமாளிச்சிடலாம், ஆனா நல்லா பாத்துக்கிட்டா பதினஞ்சு இருபது வருஷம் இருக்கிற உயிரு, உன் டிகிரி முடிய இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு, அப்புறம் பெங்களூரா ஹைதராபாத்தான்னு உனக்கே தெரியாது. ரொம்ப ஆசையா இருந்தா ஊர்ல அம்மா சம்மதிச்சா ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வச்சுக்கோ, அதுங்களுக்கு அதுங்களே துணை, பவுடரும் தொல்லை கொடுக்காது. வேலைக்கு போய் தனியா ஒரு ரூம் கெடைச்சப்புறம் வாங்கினா காக்டெயிலே வாங்கு, ரெண்டாவது யோசனையே வேணாம். அப்பவும் கண்ணு தெறக்காத குஞ்ச சிரிஞ்சோட குடுத்து "நீங்களே ஊட்டுங்க, அப்பதான் பாசமா இருக்கும்"னு சொல்ற கடைல மட்டும் வாங்காத, ஃபார்முலான்னு கரைச்சு ஊட்டுற மாவோட சூடு கொஞ்சம் கூடிட்டா கழுத்துக்கு கீழ இருக்கிற தீனிப்பை வெந்துடும், மூச்சுக்குழல்ல இறங்கிட்டா அவ்ளோதான், தானா விதைய கொறிச்சு சாப்பிடுற பறவையா பாத்து எடு.