யார் சாயல்? கால்மார்ஃபுடன் எட்டு மாதம்

தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, “யார் சாயல்?” என்பதுதான். ஈஸ்ட் செல்லின் படங்களிலிருந்து அதன் வடிவத்தை எண்களாக அளந்து தரும் கால்மார்ஃப் மென்பொருளை வைத்து நான் கேட்பதும் அதே கேள்வி. மருந்து கொடுத்த ஈஸ்ட் செல், எந்த மரபணுவை இழந்த ஈஸ்ட்டின் சாயலில் இருக்கிறது? அது தெரிந்தால் மருந்து எங்கே போய்த் தாக்குகிறது என்று ஊகித்துவிடலாம்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷிகாசு ஓயாவின் குழு உருவாக்கியது இது. 2005இல், ஆளுக்கு ஒரு மரபணு நீக்கப்பட்ட 4,718 ஈஸ்ட் வகைகளைப் படம்பிடித்து, செல்லின் வடிவத்தை 501 அளவுகளாக எழுதி வைத்தார்கள். நமக்கு ஒப்பிடக் கிடைத்திருக்கும் குடும்ப ஆல்பம் அது.

செல் சுவர், ஆக்டின் (செல்லுக்குள் இழைகளாக இருக்கும் புரதம்), உட்கரு மூன்றுக்கும் தனித்தனிச் சாயம், தனித்தனிப் படம். கோப்புப் பெயரில் முறையே சி, ஏ, டி என்ற எழுத்துதான் எது எந்தப் படம் என்று சொல்கிறது. முதல் வாரம் ஏ-வையும் டி-யையும் மாற்றிப் போட்டுவிட்டு, உட்கரு ஏன் செல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். என் தூக்கக் கலக்கத்துக்கு மென்பொருள் என்ன செய்யும்!

விடை தெரிந்த மருந்தில்தான் முதலில் சோதித்தேன். ஹைட்ராக்சியூரியா, டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதியை முடக்கும். தாய் செல்லிலிருந்து முளைக்கும் மொட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது, உட்கரு மட்டும் பிரியாமல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்த அந்த மாற்றம் எண்களிலும் அப்படியே வந்தபோதுதான் நம்பிக்கை பிறந்தது. ஆனால் எண்களோடு மென்பொருளின் வேலை முடிந்தது. சாயல் தேடும் புள்ளியியலை நாமே போட வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழி தெரியாதவர்கள் தெரிந்த நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான குறை ஆல்பத்தில் இருக்கிறது. பல மருந்துகள் குறிவைப்பது உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்களை. அவற்றை நீக்கினால் ஈஸ்ட் பிழைக்காது, பிறகு எதைப் படம்பிடிப்பது? அத்தகைய மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கிய 1,112 வகைகளை 2018இல் அளந்து வெளியிட்டு, இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தார்கள். அதையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவெழுத வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மென்பொருள் இலவசம்தான். ஆனால் ஆக்டினுக்கான ரோடமின் ஃபாலாய்டின் சாயத்துக்கு வந்த பில்லைப் பார்த்த பிறகு, எங்கள் பேராசிரியர் முன்னால் அந்தச் சொல்லை நான் உச்சரிப்பதில்லை.