சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தால், முதலில் இதைப் படியுங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபி, கம்பாலா, தார் எஸ் சலாம் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது. உடன் வேலை செய்யும் பையனோ பெண்ணோ வந்து, "வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன், ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்" என்பார்கள். நாமும் சந்தோஷமாக எழுதிக் கொடுப்போம். அப்படி நான் எழுதிய கடிதம் இப்போது ஒரு மோசடிக் கும்பலிடம் இருக்கிறது. அதைக் காட்டியே வேறு பிள்ளைகளையும் பிடிக்கிறார்கள்.

விண்ணப்பித்தவர் எங்கள் நைரோபி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். சொந்த ஊர் கிசுமு. அங்கே விக்டோரியா ஏரியை ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும், மீன்பிடிப் படகு நகராது. அந்தக் களையை அள்ளி உலர்த்தி எரிகட்டி செய்யும் ஓர் இளைஞர் குழுவை ஊரில் நடத்துகிறார். அவருடைய வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்த விளம்பரம் வந்தது: நீடித்த வளர்ச்சிக்காக உழைக்கும் ஆப்பிரிக்க இளம் தலைவர்களுக்கு ஐரோப்பாவில் முதுகலைப் படிப்பு, செலவு முழுவதும் இலவசம். மேலே ஐநா 2015ல் ஏற்ற 17 இலக்குகளின் வண்ணச் சக்கரம், பக்கத்தில் வங்காரி மாத்தாய் படம்.

கென்யாவில் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 1960ல் கென்ய மாணவர்களை விமானத்தில் அமெரிக்காவுக்கு அழைத்துப் போன உதவித்தொகைத் திட்டத்தில் படித்தவர், ஊர் திரும்பி 1977ல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியவர், 2004ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர். கும்பல் ஆளைப் பார்த்துத்தான் படம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் காசு கேட்கவில்லை. இரண்டு கட்டுரை எழுதச் சொன்னார்கள், வீடியோவில் நேர்காணல் நடத்தினார்கள். எரிகட்டியின் ஈரப்பதம், குழுவின் வரவு செலவு என்று கேள்விகளும் உருப்படியாகவே இருந்தன. எனக்கும் மின்னஞ்சல் வந்தது: உங்கள் கடிதத்துக்கு நன்றி, அலுவலக முகப்புத்தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு பிரதி அனுப்புங்கள் என்று. எந்த நல்ல நிறுவனமும் கேட்கக்கூடியதுதான். அனுப்பினேன்.

சில நாட்களிலேயே தேர்வாகிவிட்டதாகக் கடிதம். அதற்கு அப்புறம்தான் கணக்கு ஆரம்பித்தது. சான்றிதழ் சரிபார்க்க 3,500 ஷில்லிங். காப்பீட்டுக்கு 18,000. கடைசியாக விசா உத்தரவாத வைப்புத்தொகை 95,000, முதல் மாத உதவித்தொகையோடு திரும்ப வந்துவிடும் என்ற வாக்குறுதியோடு. தொகை ஏறும் விதத்தைக் கவனியுங்கள். 3,500 கொடுத்தவர், அதை இழக்க மனமில்லாமல் 18,000 கொடுப்பார்.

95,000 ஷில்லிங்குக்கு அந்தப் பெண் எங்கே போவார்? ஊரில் ஹராம்பே வைத்தார்கள். ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால் உறவு, தேவாலயம், அக்கம்பக்கம் எல்லோரும் கூடிக் காசு போடும் பழக்கம் அது. நம் புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்து மாதிரி, ஆனால் திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு கிடையாது. மீன் விற்கும் பெண்கள் தங்கள் சேமிப்புக் குழுவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏமாந்தது ஒரு ஆள் இல்லை, ஒரு ஊர். இந்தக் கும்பல்மேல் எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான்.

பணம் எம்-பெசாவில், அதாவது கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவையில் போனது. நிறுவனங்கள் வைத்திருக்கும் பே-பில் எண்ணுக்கு இல்லை, ஒரு தனியாளின் கைபேசி எண்ணுக்கு. திரையில் வந்த பெயரைப் பார்த்துக் கேட்டதற்கு, "எங்கள் நிதி அலுவலர்" என்று பதில். பணம் போன மறுநாள் முதல் எண் உயிரோடு இல்லை. எம்-பெசாவின் 456 எண்ணுக்குச் செய்தி அனுப்பி பணத்தைத் திருப்பக் கேட்டோம். அதற்குள் அதை ரொக்கமாக எடுத்துவிட்டார்கள். எடுத்தபின் எதுவும் செய்ய முடியாது. மோசடி எண்ணை 333க்கு அனுப்பிப் புகாரும் சொன்னோம். காவல் நிலையத்தில் ஓபி எண், அதாவது புகார்ப் பதிவேட்டு எண், எழுதிக் கொடுத்தார்கள், அதோடு சரி.

உண்மையான திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. இலையுதிர்காலத்தில் விண்ணப்பம் முடிந்தால், முடிவு வர அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். சில நாட்களில் யாரும் தேர்வாவதில்லை. மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் உதவித்தொகைத் திட்டத்தில் உகாண்டாவின் மக்கரேரே, கானாவின் ஆஷேசி போன்ற கூட்டாளிப் பல்கலைக்கழகங்களிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அறக்கட்டளை பேரைச் சொல்லி யாராவது நேராக உங்களிடம் பேசினால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆப்பிரிக்க இளம் தலைவர்களுக்காக அமெரிக்க அரசு 2014ல் தொடங்கிய மண்டேலா வாஷிங்டன் ஃபெலோஷிப்பில் நேர்காணலை அந்தந்த நாட்டு அமெரிக்கத் தூதரகமே நடத்தி வந்தது. ஜெர்மனியின் உதவித்தொகை அமைப்பான டிஏஏடி-க்கு (DAAD) நைரோபியிலேயே அலுவலகம் இருக்கிறது, போய்க் கேட்கலாம். இணைய முகவரியையும் பாருங்கள். டாட் ஆர்க் என்று முடிவதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். கென்யப் பல்கலைக்கழகங்களின் டாட் ஏசி டாட் கேஈ அப்படிக் கிடைக்காது.

இன்னொரு வகையும் உண்டு. அதை மோசடி என்று நேரடியாகச் சொல்ல முடியாது. "இளம் தலைவர்கள் உச்சிமாநாடு" என்று அழைப்பார்கள். ஒருசிலருக்கு எல்லாம் இலவசம், மற்றவர்கள் சொந்தச் செலவில் வர வேண்டும். ஹோட்டல் அரங்கில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டு ஒரு சான்றிதழோடு திரும்புவார்கள். கூட்டம் உண்மையாகவே நடக்கும் என்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை. என்னைக் கேட்டால் அதற்குக் கொடுக்கும் பணமும் தண்டம்தான்.

கடிதத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாள் கழித்து கம்பாலாவிலிருந்து ஒரு இளைஞர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "உங்கள் ஊழியர் இந்த உதவித்தொகையில் ஐரோப்பாவில் படிக்கிறாராமே, எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். என் கடிதமும் அந்தப் பெண்ணின் புகைப்படமும் "சென்ற ஆண்டு தேர்வானவர்" என்று அவருக்குப் போயிருக்கின்றன. நல்லவேளை, பணம் கட்டும் முன்னால் பேசினார். அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் பிரதியும் பட்டச் சான்றிதழும் கும்பலிடம்தான் இருக்கின்றன, அதை வைத்து வேறு என்ன செய்வார்களோ.

நான் இப்போது கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் திட்டம் என்று பெயர் போட்டு, தேதி போட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் முகவரிக்கு நானே அனுப்புகிறேன். "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதுவதை நிறுத்திவிட்டேன். முத்திரை போட்ட பிரதி கேட்டால், அவர்கள் தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் பொது எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

கிசுமு, ஆகாயத்தாமரை எரிகட்டி, முழு உதவித்தொகை என்று ஒரு வெற்றிக்கதை நைரோபி முகப்புத்தாளோடு உங்கள் அலுவலகப் பிள்ளைகளுக்கு வந்தால், அந்தப் பெண் ஐரோப்பாவில் இல்லை, எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.