அறுபதாயிரம் ரூபாய்க்கு எதை வாங்குவது?

பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து 60,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நம்ம பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை. எங்களுடையது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் உள்ள தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல், அதாவது தொடக்கப் பள்ளி. நாலு வகுப்பு, 38 பிள்ளைகள். என் தங்கச்சி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கோவை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். பணம் வந்த அன்று ராத்திரியே போனில் எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

"பெரிய டிவி ஒண்ணு வாங்கி மாட்டுக்கா. அத்தனை பிள்ளைக்கும் ஒரே நேரத்துல ஆகும்" என்றாள்.

அவள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை என்று திட்டம் போட்டது. அவள் வகுப்பிலும் ஒரு திரை உண்டு. எரிமலையையும் திமிங்கிலத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டி அலுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 43 அங்குல டிவிக்குக் கோயம்புத்தூரில் கேட்டேன், 28,000 சொன்னார்கள். ஓட்டுக்கூரை வகுப்பில் மத்தியான வெளிச்சத்துக்கு புரொஜெக்டர் வெளிறிப்போகும், டிவி போகாது. அதுவும் சரிதான்.

ஆனால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். 40 நிமிட பீரியடில் திரையைத் தொட்டவர்கள் ஆறு பிள்ளைகள். மற்றவர்கள் கைகட்டிப் பார்த்தார்கள். பாடம் நன்றாகத்தான் நடந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது என்னவோ டீச்சர் மட்டும்தான்.

டேப்லெட்டைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 9,500 ரூபாய் மேனிக்கு ஆறு வாங்கினால் கிட்டத்தட்ட மொத்தப் பணமும் தீர்ந்துவிடும். திரையில் விரலைத் தேய்க்க எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; வீட்டில் அப்பா போன் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட் என்று கணக்கு. தங்கச்சிக்கும் ஒன்று வந்தது. அது டீச்சருக்கான கருவி, பிள்ளை கைக்குப் போவதில்லை.

என் ஓட்டு பழைய லேப்டாப்புக்கு. இதற்குக் கேரளத்தின் பழக்கமும் ஒரு காரணம். இங்கே பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளி லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். லைசென்ஸ் பணம் கிடையாது, வயதான மெஷினிலும் முக்கி முனகி ஓடிவிடும். ஒன்று முதல் நாலு வகுப்பு வரைக்கும் கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்தின் பெயர் 'களிப்பெட்டி'. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ராகிக்களி என்று நினைத்துக்கொண்டு முதல்நாள் ஆவலோடு காத்திருந்தது தனிக்கதை.

லேப்டாப்பில் பிள்ளை என்ன கற்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சி. ஜிகாம்ப்ரிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விளையாட்டு. மவுஸை நகர்த்தினால் கட்டங்கள் அழிந்து உள்ளேயிருக்கும் படம் தெரியும். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வலதுபக்கமாக மவுஸைத் தள்ளிக்கொண்டே போனாள். பாதிப் படம் தெரிந்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு?"

"மேசை முடிஞ்சு போச்சுங்க டீச்சர்."

மவுஸைத் தூக்கித் திரும்ப இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பெரிய திரையில் காட்டியிருந்தாலும் அது அவளுக்கு வந்திருக்காது. எனக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியிருக்காது.

தட்டச்சு விஷயத்தில்தான் எல்லையோரத்துக்கென்று தனிச் சிக்கல். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் என்று விசைகளை அடுக்கும் முறை இரண்டு உண்டு. தங்கச்சி தமிழ்99 கட்சி. அதில் 'அம்மா' என்று அடிக்க நாலே தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும். இன்ஸ்கிரிப்டில் அதே சொல்லுக்கு ஐந்து தட்டு. புள்ளிக்குத் தனி விசை, அ-வுக்கு ஷிப்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். சின்ன விரல்களுக்கு அது கஷ்டம். தமிழ் மட்டும் எழுதும் பிள்ளை என்றால் நானும் யோசிக்காமல் தமிழ்99 என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் பிள்ளை மலையாளமும் படிக்கிறது. இன்ஸ்கிரிப்டில் தமிழ் க இருக்கும் விசையில்தான் மலையாள க, தமிழ் ம இருக்கும் விசையில்தான் மலையாள ம. ஒருமுறை விரல் பழகினால் இரண்டு மொழிக்கும் ஆச்சு. அதனால் இங்கே இன்ஸ்கிரிப்ட், அங்கே தமிழ்99. இந்த ஒன்றில் மட்டும் அக்காவும் தங்கச்சியும் சமாதானம்.

லேப்டாப்புக்கு எதிராகவும் சொல்ல வேண்டும். 2000-இல் குஜராத் அரசு வதோதராவின் 100 மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா நாலு கம்ப்யூட்டர் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்தியவை மிகக் குறைவு. பிறகு பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இருவருக்கு ஒரு மெஷின், வாரம் இரண்டு மணி நேரம் என்று உட்காரவைத்துக் கணக்கு விளையாட்டு கொடுத்தது. கணக்கு மதிப்பெண் நன்றாக ஏறியது, மொழிப்பாடம் அசையவில்லை. நிறுத்தி ஒரு வருடம் ஆனதும் கணக்கில் ஏறியதும் பெரும்பாலும் கரைந்துபோனது. குஜராத்திலேயே நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியம். நல்ல டீச்சர் பாடம் நடத்தும் நேரத்தைப் பிடுங்கி கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்த இடங்களில், குறிப்பாகப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, பலன் இருந்தது. ஆகவே லேப்டாப் வாங்கினால் மட்டும் போதாது, மணி அடித்த பிறகு யார் இருப்பது என்றும் முடிவாக வேண்டும்.

நாலாவது வழிக்குச் செலவே இல்லை. நியூசிலாந்தில் டிம் பெல்லும் கூட்டாளிகளும் மெஷினே இல்லாமல் கம்ப்யூட்டர் சிந்தனையைச் சொல்லித்தரும் விளையாட்டுகளை வகுத்தார்கள். அதைப் பார்த்து நாங்கள் செய்வது இது: ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ரோபோ ஆகிறான், மற்றவர்கள் துண்டுச்சீட்டில் கட்டளை எழுதுகிறார்கள். "மூன்று அடி முன்னே. வலது பக்கம் திரும்பு. நேராக நட. அடிபம்பு வந்ததும் நில்." எழுதியதை மட்டும்தான் செய்ய வேண்டும். போன வாரம் 'நில்' என்று எழுத மறந்துவிட்டார்கள். ரோபோ அடிபம்பில் முட்டியும் கால் எடுத்து வைத்துக்கொண்டே நின்றான். மூன்றாம் வகுப்பு முழுக்க உருண்டு சிரித்தது, பிறகு சீட்டைத் திருத்தியது. புரோகிராம் எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அதுதானே. கரண்ட் இல்லாத நாளிலும் நடக்கிறது. ஆனால் இதை மட்டுமே வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசில்லாத பள்ளிக்குக் கல்லும் மண்ணும், காசுள்ள பள்ளிக்குக் கீபோர்டு என்றாகிவிடும். பம்பில் முட்டிய பையன் அடுத்த வாரம் கீபோர்டையும் தொட வேண்டும்.

கடைசியில் 14,000 வீதம் மூன்று பழைய லேப்டாப் வாங்கினோம், 42,000. பள்ளியில் ஏற்கெனவே இருந்த இரண்டில் ஒன்றுக்கு உயிர் இருக்கிறது. மவுஸ் மூன்று, 1,050. எங்கள் ஊர் வோல்டேஜுக்குப் பயந்து 5,500-க்கு ஒரு யு.பி.எஸ். மிச்சம் 11,450 ரூபாயைத் தொடவில்லை. பேட்டரிகள் எப்படியும் ஒரு வருடத்தில் படுத்துவிடும். வாரம் மூன்று நாள், பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம், மெஷினுக்கு மூன்று பிள்ளைகள். மவுஸ் யார் கையில் என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியலில் யாரோ தன் பெயரை இரண்டு முறை எழுதி வைத்திருந்தார்கள்.